நிலையமும் அயலும்: இரயில் வந்த ஊர்களில் நின்றவையும் மறைந்தவையும்

கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இன்று நாம் வழிபடும் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873இல் தம்புசாமிப் பிள்ளையால் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது இவ்விடத்தில் இல்லை. பழைய இரயில் நிலையம் நிற்கும் பகுதிக்கு அருகே இருந்தது. 1885இல்தான் இப்போதைய இடத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கு முதல் இரயில் ஓடியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு கற்பிப்பது நம் நோக்கமன்று. எனினும் இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் கோயிலும் இரயிலும் தொடக்கம் முதலே ஒரே நிலத்தை அண்டி வாழ்ந்தன என்பதை இது காட்டும். இரண்டும் ஒரே இடத்தில் நிற்க முடியாத நாள் வந்தால் எது நகரும் என்னும் வினாவும் அன்றே பிறந்துவிட்டது.

பயணியர் நிலையத்தை அமைக்கும்போது அவ்வயலின் கட்டட மரபை எங்ஙனம் மதிப்பது என்பதே இவ்வுரையின் பொருள். கட்டடக் கலைஞர்கள் இதனைப் பெரும்பாலும் முகப்பைப் பற்றிய சிக்கலாகவே காண்பர்: பழைய வளைவா, புதிய கண்ணாடியா, கூரை எவ்வளவு உயரம், வண்ணம் என்ன? வரலாற்றை நோக்கும் நமக்கோ அதற்கு முந்திய வினா ஒன்று உண்டு. ஓர் அயலில் எதனைக் கட்டட மரபு என்று எண்ணுகிறோம்? எவர் வாழ்ந்த கட்டடம் அவ்வெண்ணிக்கையில் சேர்கிறது?

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். 1901இல் இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்களின் இரயில்வே உருவானபோது அதன் பொது நிர்வாகியாக இருந்த ஸ்பூனர், முன்னர் இலங்கையில் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்தார் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் திரளாக வந்ததற்கு இத்தொடர்பு துணைநின்றது. தமிழகத்திலிருந்து வந்தோர் தண்டவாளம் பதித்தனர், சல்லிக்கல் கொட்டினர், செந்தூல் பணிமனையில் இரும்படித்தனர். ஆக, இரயில்வே என்பது நம்மவருக்கு வெறும் ஊர்தி அன்று. அது வேலை, வீடு, கோயில், பள்ளி எல்லாம் சேர்ந்த ஒரு வாழ்விடம்.

1910இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹபக். அதற்கு முந்திய ஆண்டு முடிவுற்ற ஜாமேக் பள்ளிவாசலும் அவர் கைவண்ணமே. குதிரை இலாட வடிவ வளைவுகள், மாடத்துக் குடைகள், வெண்சுதை பூசிய செங்கற் சுவர்கள் ஆகியவை வட இந்திய முகலாய மரபிலிருந்து எடுத்துக் கோக்கப்பட்டவை. பனிப்பொழிவைத் தாங்கும் கூரை வேண்டும் என்று இலண்டன் விதி கேட்டதாம். அதனால் பணி தாமதமானதாம். அப்படியொரு கதை இன்றும் வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, எங்கிருந்தோ வந்த விதி எங்கோ உள்ள கூரையை ஆண்ட காலத்துக்கு அது பொருத்தமான கதைதான். எதிரே 1917இல் எழுந்த இரயில்வே தலைமையகமும் சேர்ந்து, இவ்விடம் நாட்டின் அஞ்சலட்டைக் காட்சியாயிற்று. இவ்விரு கட்டடங்களும் காக்கப்பட்டன, காக்கப்பட வேண்டியவையே. நம் கவனத்துக்குரியவை அவற்றின் பின்புறத்தில் இருந்தவை.

பின்புறம் என்பது பிரிக்பீல்ட்ஸ். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், அத்தாப்புக் கூரைக்கும் பலகைக்கும் மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்டும் ஆணை பிறந்தது. அதற்கான சூளைகள் இருந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் பெற்றது. பின்னர் இரயில்வேயின் முற்றமும் ஊழியர் குடியிருப்பும் அங்கு அமைந்தன. 1894இல் சிங்கள பௌத்தர் தம் சங்கத்தை நிறுவினர். அவர்களுடைய மகா விகாரை அங்கே எழுந்தது. 1904இல் விவேகானந்தர் ஆசிரமம் தோன்றியது. யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். 1924இல் தமிழ் லூத்தரன் சபையாரின் சீயோன் ஆலயம் கட்டப்பட்டது. அரசு ஊழியர்க்கென வரிசை வரிசையாக எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகள் இவற்றுக்கிடையே பரந்திருந்தன. கலைஞர் எவரும் அவற்றுக்குக் கையொப்பமிடவில்லை. ஒரே அளவிலான அறைகள், முன்னால் தாழ்வாரம், பின்னால் அடுப்படி, அதன் பின்னே சந்து, அவ்வளவுதான். ஆயினும் வெயிலையும் மழையையும் அறிந்த வடிவம் அது. தாழ்வாரத்தில் அமர்ந்தால் தெரு முழுதும் தெரியும். தெருவில் நடப்பவர்க்கு வீடு தெரியும்.

கடைத்தெருவில் இதே பணியை ஆற்றியது அஞ்சடி. கடைவீட்டின் மேல்மாடி முன்னோக்கி நீண்டு, கீழே ஐந்தடி அகலத்தில் நிழல் நடையாக அமைவது அது. 1822ஆம் ஆண்டின் சிங்கப்பூர் நகரத் திட்டத்திலேயே ராஃபிள்ஸ் அதனைக் கட்டாயமாக்கினார். பின்னர் மலாயா நகரங்கள் எங்கும் பரவியது. ஒவ்வொரு கடைக்காரரும் தம் நிலத்தில் ஐந்தடியை ஊருக்கு விட்டுக்கொடுக்க, அவை ஒன்றோடொன்று சேர்ந்து தெரு முழுதும் தொடரும் கூரைவழியாகும். நாளிதழ்க் கடை, பூக்கட்டு, தையல் பொறி, சோதிடர் பலகை எல்லாம் அதில் இடம்பெற்றன. இந்நாட்டில் பயணியர் நடையை முதலில் வடிவமைத்தவர் யார் என்று கேட்டால், விடை இரயில்வேயில் இல்லை, அஞ்சடியில் இருக்கிறது.

2001 ஏப்ரலில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில் முற்றத்தில் ஏறத்தாழ 72 ஏக்கரில் அமைந்தது இத்திட்டம். நிலையத்தின் வடிவமைப்பாளர், 1998இல் திறந்த கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை வடிவமைத்த அதே ஜப்பானியக் கலைஞர் கிஷோ குரோக்காவா. தொலைதூர இரயில், கொமுட்டர், எல்.ஆர்.டி., விமான நிலைய இரயில் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கொணர்ந்ததில் அது வெற்றியே; அதனை மறுப்பது முறையன்று. 1910ஆம் ஆண்டு நிலையம் அன்றிலிருந்து கொமுட்டர் நிற்கும் சிறு நிறுத்தமாகச் சுருங்கியது. ஆனால் புதிய நிலையம் யாரை நோக்கித் திரும்பி நின்றது? கார்களுக்கான சுற்றுவழிகளையும் உள்ளே எழவிருந்த கோபுரங்களையும் நோக்கி. பிரிக்பீல்ட்ஸ் தெருக்களுக்கு அது முதுகைக் காட்டியது.

இதற்கு மோனோரயில் சான்று. 2003 ஆகஸ்டு 31இல் தொடங்கிய மோனோரயிலின் கடைசி நிறுத்தத்துக்கும் கே.எல். சென்ட்ரல் என்றே பெயர். எனினும் அது நிலையத்துக்குள் இல்லை. ஜாலான் துன் சம்பந்தனில், நூறு மீட்டருக்கும் அப்பால் நின்றது. பெட்டியும் பிள்ளையுமாக வந்தவர் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியைக் கடந்தனர். 2014இல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகே கூரையுள்ள வழி கிடைத்தது. அதுவும் கடைகளின் ஊடாக. அஞ்சடியைக் கண்டறிந்த ஊரில், ஒரு நிழல்வழி கிடைக்கப் பதினோர் ஆண்டுகள் ஆயின.

இக்குறைபாடு எவரைப் பாதித்தது என்பதையும் எண்ணவேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில்தான் உள்ளது. கோலால் தரையைத் தட்டி நடக்கும் பல்லாண்டுப் பழக்கம் உள்ள மக்கள் வாழும் அயல் அது. அவர்க்கு முகப்பின் வளைவு பொருட்டன்று. நடைபாதை எங்கே உயர்கிறது, எங்கே முறிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பவையே பொருட்டு. பழைய தெருவின் தளவமைப்பு அவர்க்கு மனப்பாடமான பாடநூல். அதனைக் கலைத்துவிட்டு முகப்பை மட்டும் காப்பதால் அவர்களுக்கு என்ன பயன்?

2010 அக்டோபர் 27இல் மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பிரிக்பீல்ட்ஸை ‘லிட்டில் இந்தியா’ எனத் தொடங்கிவைத்தனர். வளைவுகள் எழுந்தன, யானை நீரூற்று அமைந்தது, தெருவிளக்குகள் வண்ணம் பெற்றன. 2015 நவம்பரில் சாஞ்சித் தோரணத்தைப் போன்ற வாயில் ஒன்று இந்தியாவின் அன்பளிப்பாகத் திறக்கப்பட்டது. அழகானவைதாம், வணிகருக்கும் பயன் உண்டு. எனினும் சாஞ்சிக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் என்ன உறவு? இவ்வயலின் சொந்த மரபு இரயில்வே வரிசை வீடும் கடைவீடும் ஆசிரமமும் அஞ்சடியும் அல்லவா? மரபைத் தொலைத்த இடத்தில் வேறொரு மரபை வாங்கி நட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது. இதற்கிடையே, 2014இல் ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர். ஆசிரமத்தை மரபுடைமையாகக் காக்கவேண்டும் என்னும் குரல் வலுத்ததும் அப்போதுதான். மக்கள் தம் மரபு எது என்பதைத் தாமே சுட்டிக்காட்டிய தருணம் அது.

ஜாலான் சுல்தானில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட வேண்டும். 2011இல், சுங்கை பூலோ – காஜாங் எம்.ஆர்.டி. பாதைக்காகப் பெட்டாலிங் ஸ்திரீட்டை அடுத்த ஜாலான் சுல்தான் கடைவீடுகளைக் கையகப்படுத்தும் அறிவிப்பு வந்தது. சுரங்கம் பூமிக்கு அடியில் செல்லும்போது மேலுள்ள கடைவீடு ஏன் போகவேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்டனர். கூட்டங்கள், கலைநிகழ்ச்சிகள், வரலாற்று நடைப்பயணங்கள் எனப் போராட்டம் நீண்டது. 2012இல் பல உரிமையாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டு, நிலம் அவர்களிடமே இருக்க, அடியில் பாதை சென்றது. 2016 டிசம்பரிலும் 2017 ஜூலையிலும் இரு கட்டமாக அப்பாதை திறந்தது; 51 கிலோமீட்டர், 31 நிலையங்கள். பசார் செனி நிலையத்தில் இறங்கி நடந்தால், இவ்வுரையின் தொடக்கத்தில் கூறிய மாரியம்மன் ஆலயம் சில நிமிடத் தொலைவு. தைப்பூச வெள்ளித் தேர் அங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும். நகரின் நடுவே ஒரு தேர் திரும்ப வேண்டிய வளைவும் கடக்க வேண்டிய உயரமும்கூடக் கட்டட மரபே என்பதைப் பொறியாளர் அறிந்திருத்தல் நலம்.

ஜாலான் சுல்தான் நின்றதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. நிலப்பட்டா வைத்திருந்தவர்கள் பேசினார்கள். பட்டா இருந்ததால் கேட்கப்பட்டார்கள். 1960ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டம், இழப்பீட்டுக்கு உரிமை கோரும் யாவரையும் ‘அக்கறையுள்ளவர்’ என்கிறது. ஆனால் உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்பவரை அச்சொல்லிலிருந்து விலக்குகிறது. இரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்று தலைமுறை வாழ்ந்தவரும், தோட்டத்து லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவரும் இவ்விலக்கில் விழுவது எளிது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். எனவே அவர்களுடைய கட்டடங்கள் இடிபடும்போது எதிர்ப்பைப் பதிவுசெய்யும் இடத்தில் அவர்க்கு இருக்கையே இல்லை. கலைநயம் பற்றிய விவாதமாகத் தோன்றுவதன் அடியில் பட்டா பற்றிய இவ்வேறுபாடு கிடக்கிறது.

பிற நாடுகளிலும் இழப்பே சட்டத்துக்கு வழிவகுத்தது. கோலாலம்பூர் நிலையம் திறந்த அதே 1910இல் நியூயார்க்கில் பென்சில்வேனியா நிலையம் திறந்தது. 1963இல் அதனை இடிக்கத் தொடங்கினர். எழுந்த கொதிப்பில் 1965இல் அந்நகரம் மரபுடைமைச் சட்டத்தை இயற்றியது. நம் நாட்டிலும் 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. ஆயினும் மறு ஆண்டே கோலாலம்பூரின் போக் மாளிகை இடிந்தது. தோக்கியோ வேறு வழி கண்டது. 1914இல் எழுந்து, போரில் மேல்தளத்தை இழந்த அதன் செங்கல் நிலையம் 2012இல் பழைய வடிவுக்கு மீட்கப்பட்டது. அந்நிலத்தில் உயரமாகக் கட்டுவதற்கிருந்த உரிமையை அண்டைக் கோபுரங்களுக்கு விற்று, அப்பணத்தில் பழைய கட்டடத்தை மீட்டனர். சிங்கப்பூரில் 2011இல் இரயில் நின்றுபோன தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று, அதனடியில் எம்.ஆர்.டி. நிலையம் கட்டுவதற்காக நடைமேடையின் ஒரு பகுதியைக் கழற்றிப் பாதுகாத்தனர். கழற்றி மீண்டும் பூட்டுவது இயலும் என்பதை மனங்கொள்க. ஏனெனில் நம் வட சிலாங்கூரின் லயங்கள் பலவும் பலகையால் ஆனவை. கழற்றிப் பூட்டுவதற்கு அவற்றினும் எளிய கட்டடம் இல்லை.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். புஞ்சாக் ஆலாம் ஒரு காலத்தில் தோட்டமும் காடுமாக இருந்த நிலத்தில் எழுந்த புதுநகர். பல்கலைக்கழக வளாகம் உண்டு, பெருகிவரும் வீடமைப்புகள் உண்டு, இரயில் இல்லை. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக் வரை திறந்தது. இரயில் வேண்டுவோர் சுங்கை பூலோவுக்குச் செல்வர். அதனை அடுத்த குவாசா டாமான்சாரா நிலையம் எந்நிலத்தில் நிற்கிறது என்பதை மாணவர் அறிந்திருப்பது நன்று. அது 1925இல் தோன்றிய இரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டம். பால்மரம் நின்ற இடத்தில் இன்று மின்படிக்கட்டு ஓடுகிறது. தண்டவாளம் மேற்கு நோக்கி ஒருநாள் நீளுமானால், அது தொடுவது தோட்டங்களையே.

அவ்வாறு தொடும் நிலத்தின் பழம்பெருமை சிறிதன்று. பத்து ஆராங்கில் 1915இல் தோண்டத் தொடங்கிய நிலக்கரி, குவாங்கிலிருந்து சென்ற கிளைப்பாதை வழியே வெளியேறியது. ஹபக் கட்டிய நிலையத்தில் வந்து நின்ற நீராவி எஞ்சின்களும், 1927இல் எழுந்த பங்சார் மின்நிலையமும் அக்கரியை எரித்தன. சுரங்கம் 1960இல் மூடப்பட்டது; புகைபோக்கியும் சூளையும் நிற்கின்றன. பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில் தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917இல் ஹென்ரி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கு உருவாக்கினார். பின்னாளில் மலாயாவைப் பற்றிய நாவலுக்காகப் பிரான்சின் பெரும் இலக்கியப் பரிசு பெற்றவர் அவர். நாட்டின் பெரும் ஏற்றுமதித் தொழிலின் பிறப்பிடம் ஒரு தமிழ்ச் சொல்லைப் பெயராகத் தாங்குகிறது. வீடமைப்பு நிறுவனங்கள் தோட்டங்களை வாங்கியதும் முதலில் மாறுவது பெயர். ஒரு நிலையத்துக்கு அவ்வூர் மக்கள் வழங்கிய பெயரையே இடுவதற்குச் செங்கல் எதுவும் வேண்டாம்; செலவும் இல்லை.

தோட்டத்தின் தளவமைப்பே ஒரு போக்குவரத்துத் திட்டம் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? மேட்டில் துரை பங்களா, சற்றுத் தாழக் கிராணி வீடு, கீழே எதிரெதிர் வரிசையாக லயங்கள், நடுவே தெருக்குழாய், ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறுமுனையில் பள்ளி. விடியுமுன் யாவரும் நடந்து வந்து கூடும் பெரட்டுக்களம் எல்லா லயங்களிலிருந்தும் எட்டும் இடத்தில் இருக்கும். மழைமரமோ ஆலமரமோ நிழல் தரும். கண்காணிக்க எளிதாக வேண்டும் என்பதற்காக அமைந்த ஒழுங்குதான் அது; அதனைப் பொற்காலமாகப் பாடுவதற்கில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு மற்றொன்றும் இருந்தது: துரைமார் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். வழியில் நிமிர்ந்து செல்லும் உரிமையைக் கேட்டு நின்றவர்கள் அவர்கள். அவ்வழிகளின்மேல் எழும் நிலையம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளை நெடுஞ்சாலையின் ஓரத்தில் வெயிலில் நிறுத்துமானால், அதன் முகப்பில் எத்தனை வளைவு இருந்தென்ன?

இங்கு அமையும் நிலையம் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால் நாம் கூறுவது இது. லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்குச் சென்ற பழைய நடைவழியை முதலில் வரைபடத்தில் குறித்து, அதன்மேல் கூரை போடுக. வாகன நிறுத்துமிடம் பின்னால் போகட்டும். பேருந்து வாயிலுக்கே வரட்டும். தாழ்ந்த இறவாணமும் ஆழ்ந்த தாழ்வாரமும் இந்நாட்டு மழைக்கு ஏற்றவை என்பதை லயமும் கடைவீடும் நூறாண்டு நிறுவிவிட்டன. அவற்றைப் பகர்த்த வேண்டியதில்லை, அவற்றின் அறிவை எடுத்துக்கொள்ளலாம். கோயிலையும் மரத்தையும் நகர்த்துவதற்கு முன், தூணை நகர்த்த இயலுமா என்று பார்க்கட்டும். ஒரு லயமேனும், இரு அறைகளேனும், அதே இடத்தில் அதே அளவில் நிற்கட்டும். அது பயணச்சீட்டு அறையாகவோ நூலகமாகவோ பயன்படலாம்.

இவையெல்லாம் திட்டம் வரைவோர் மேசைக்குச் செல்ல, அம்மேசையில் முன்கூட்டியே ஒரு பதிவு இருந்தாக வேண்டும். தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ், தேசிய மரபுடைமையாக ஒன்றை அறிவிக்குமாறு அமைச்சருக்கு முன்மொழிய எவருக்கும் உரிமை உண்டு. அதற்குப் பட்டா தேவையில்லை. நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாதலின் மாநில அரசின் செவியும் வேண்டும். எனினும் அளவும் படமும் வரலாறும் இல்லாத முன்மொழிவை எவரும் பொருட்படுத்தார். கடைவீட்டின் அளவுகள் நகராண்மைக் கோப்புகளில் உள்ளன. ஹபக்கின் வரைபடங்களை ஆய்வாளர் தேடிப் படிக்கின்றனர். லயத்தின் அளவு எக்கோப்பில் உள்ளது? கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பலவும் தோட்டத்தின் நடுவே பிறந்தவை. அவற்றின் மாணவர் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு ஒரு பிற்பகல் சென்றால், அறையின் நீள அகலம், தாழ்வாரத்தின் ஆழம், குழாயிலிருந்து கதவுக்குள்ள தொலைவு, கோயில் எத்திசை நோக்குகிறது என்பவற்றை எழுதிவரலாம். ஒவ்வொரு அறையிலும் யார் குடியிருந்தார் என்பதைச் சொல்ல முதியோர் இன்னும் இருக்கின்றனர்.